யதீம் என்னும் சொல்

இளமையில் நொந்த உள்ளம் பின்னாளில் நிமிர இயலுமா என்று நம்மிடம் கேட்போர் பலர். ஏட்டில் படித்த விடையைக் கூறுவதைவிட, நாம் நடந்து வந்த வழியைக் கூறுவதே தகும் என எண்ணுகிறோம்.

சவ்வாது மலை அடிவாரத்தில், சம்புவராயர்கள் ஒருகாலத்தே தலைநகராய்க் கொண்டிருந்த படவேட்டில் நாம் வளர்ந்தோம். ஏழு வயதில் தந்தையை இழந்தோம். அன்னையும் தங்கையும் நாமும் தாய்மாமன் வீட்டில் ஒதுங்கினோம். ஆடி மாதத்தில் ரேணுகாம்பாள் கோயிலுக்கு மக்கள் திரளும்போது மாமு வளையல் கடை விரிப்பார். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நாம் கடையில் நிற்போம். ஒரு வெள்ளிக்கிழமை, கூட்ட நெரிசலில் ஒரு கட்டுக் கண்ணாடி வளையல் நம் கையிலிருந்து நழுவிற்று.

"அப்பனை முழுங்கினது போதாதாடா? என் பொழப்பையும் முழுங்கணுமா?" என்றார் மாமு.

அடித்திருந்தால் அன்றே மறந்திருப்போம். அச்சொல்லோ நம்முடன் வீட்டுக்கு வந்தது. நம்முடன் பாயில் படுத்தது. அன்னை அதைக் கேட்டும் கேளாதவர் போல் அடுப்பூதிக் கொண்டிருந்தார். மூன்று வயிறுகள் அவ்வீட்டுச் சோற்றை நம்பி இருந்தன. வாய் திறந்தால் எங்கே போவது? அந்த மௌனத்தின் பொருள் விளங்க நமக்குப் பல்லாண்டு ஆயிற்று.

பன்னிரண்டாம் வயதில் ஓதுவதற்காக வேலூருக்கு அனுப்பப்பட்டோம். ஒரு நாள் பாடத்தில் 'யதீம்' என்னும் சொல் வந்தது. தலை குனிந்தோம். ஹஜ்ரத் அவர்கள் நம்மைப் பாராமலே விளக்கினார்கள்: "மனிதரில் தந்தையை இழந்த பிள்ளை யதீம், கால்நடைகளில் தாயை இழந்த குட்டி யதீம். ஆனால் முத்துக்களில், தனக்கு இணையே இல்லாத முத்தை அரபிகள் 'துர்ரத்துன் யதீமா' என்பார்கள். தனித்திருப்பது என்பதே அச்சொல்லின் வேர்."

நம்மைச் சுட்டிய சொல்லுக்கு இப்படியும் ஒரு பொருளா! அன்றிரவு அதனைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தோம். ஆயினும் ஒரே நாளில் உள்ளம் ஆறிவிட்டது என்று சொன்னால் அது பொய்யாகும். தேர்வில் தவறிய ஒவ்வொரு முறையும் மாமுவின் குரலே முதலில் கேட்டது. அதன் பின்னர்தான் ஹஜ்ரத்தின் குரல் கேட்டது. பின்னதைக் கேட்கும் வரை காத்திருக்கப் பழகினோமே, அப்பழக்கமே நம்மைக் காத்தது.

'ஹுஸ்னுழ் ழன்' என்று அரபியில் கூறுவர். நல்லெண்ணம் என்பது அதன் பொருள். இறைவன் நம்மைக் கைவிடான் என்னும் நல்லெண்ணம், நடந்த துன்பத்தை நடக்கவில்லை என்று மறைப்பதன்று. அத்துன்பமே நம் கதையின் முடிவன்று என்று நம்புவது. நம்பிய பின் அடுத்த வேலையைச் செய்வது.

இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 150ல் காஸாவில் பிறந்தார்கள். தந்தை மறைய, அன்னை மகனை மக்காவுக்கு அழைத்துச் சென்றார். ஆசிரியருக்குக் கொடுக்கப் பொருளில்லை. ஆசிரியர் இல்லாத வேளையில் மற்றச் சிறுவர்களைக் கவனித்துக்கொண்டு கற்றார்கள் என்றும், தாள் வாங்க இயலாமல் எலும்புகளில் எழுதினார்கள் என்றும் வரலாறு கூறுகிறது. இல்லாத தாளுக்காக ஏங்கியிராமல், கிடைத்த எலும்பில் எழுதினார்கள்!

நம் நாட்டில் இதற்கு அப்துல் கலாம் அவர்களை எடுத்துக்காட்டுவது வழக்கம். 1931ல் இராமேசுவரத்தில் பிறந்து, சிறுவயதில் செய்தித்தாள் போட்டு, டேராடூனில் எட்டு இடங்களுக்கு நடந்த விமானப் படைத் தேர்வில் ஒன்பதாமவராய் வாய்ப்பிழந்தவர் அவர். 1979ல் அவர் பொறுப்பில் ஏவப்பட்ட எஸ்.எல்.வி.-3 கடலில் விழுந்தது, 1980ல் வென்றது. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. தம் குழந்தைப் பருவம் குறையின்றிப் பாதுகாப்பாய் இருந்தது என்று அவரே எழுதியுள்ளார். அவரது கல்லூரிக் கட்டணத்துக்காகத் தமக்கை ஸுஹரா தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். பணமின்மை வேறு, அன்பின்மை வேறு. வளையலை அடகு வைத்துப் படிக்க வைத்த வீடும் உண்டு. வளையல் உடைந்ததற்காகப் பிள்ளையின் உள்ளத்தை உடைத்த வீடும் உண்டு. பின்னதில் வளர்ந்தவனிடம், "கலாமைப் பார், நீயும் முயன்றால் முடியும்" என்று மட்டும் சொல்வது போதாது. அவனுக்கு முதலில் ஒரு நல்ல சொல் வேண்டும்.

இதனை நாமே மறந்த நாளும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், நம்மிடம் ஓதும் ஒரு சிறுவன் விருந்தினருக்குத் தேநீர் கொண்டுவருகையில் கண்ணாடிக் குவளைகளைத் தட்டோடு கீழே போட்டான். அவனும் தந்தையற்றவன். "உன்னை யாருடா..." என்று தொடங்கிய நம் நாவில் மாமுவின் குரல் இருந்தது! பாதிச் சொல் வெளியேறிவிட்டது. அவன் முகத்தைக் கண்டோம். அது வளையல் கடையில் நின்ற நம் முகம்.

மீதிச் சொல்லை விழுங்கினோம். "கையை எடு தம்பி, கண்ணாடி குத்தும்" என்று அருகில் அமர்ந்து, இருவருமாகச் சில்லுகளைப் பொறுக்கினோம். சொன்ன பாதிக்காக அவனிடம் மன்னிப்பும் கேட்டோம். ஆசிரியர் மன்னிப்புக் கேட்டதை அவன் நம்ப முடியாமல் பார்த்தான்.

மாமு இன்று இல்லை. அவர்மீது வருத்தம் அறவே நீங்கிவிட்டது என்று சொல்ல மாட்டோம். எனினும் அவர் போட்ட சோற்றை மறவாமல் ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் அவருக்காக துஆச் செய்கிறோம். வாசகப் பெருமக்களே! உங்கள் வீட்டில் ஒதுங்கிய பிள்ளை ஏதேனும் ஒன்றை உடைக்கும் நாள் நிச்சயம் வரும். அன்று சொல்ல வேண்டிய சொல்லை இன்றே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.