பதினோராயிரத்து ஐந்நூறு

இரவு பதினொன்றுக்கு மேல்தான் போனில் இந்தக் காதுச் சோதனையைச் செய்ய முடிகிறது. பகலில் நாகர்கோவில் ரோட்டின் இரைச்சல் கரமனை அக்கிரகாரத்தின் கடைசி வீடுவரை வந்துவிடும்.

வயர் வைத்த ஹெட்போன். ஒலி அளவை ஓரிடத்தில் நிறுத்தியாயிற்று. 8000 ஹெர்ட்ஸில் தொடங்கி ஐந்நூறு ஐந்நூறாக ஏற்றினேன். வலது காதில் 11,500 கடைசி. இடதில் 10,500. கேட்கவில்லையே என்று வால்யூமைக் கூட்டக் கை போகிறது. கூட்டக் கூடாது. மிஞ்சியிருக்கும் காதையும் அது கெடுக்கும்.

முதல் நாள் 13,000 வரை கேட்டதாகக் குறித்திருந்தேன். அது பொய்க்கணக்கு. திரையில் எண் ஏறுவதைக் கண் பார்த்தால், கேட்பதாக மனசு சொல்லிவிடுகிறது. மறுநாள் பேத்தியிடம் போனைக் கொடுத்து, திரையை எனக்குக் காட்டாமல் போடவும் நிறுத்தவும் சொன்னேன். எண் இறங்கிவிட்டது. தனியாகச் செய்து பார்க்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அவளுக்கு ஒன்பது வயது. 16,500-லும், “கேக்கறது தாத்தா, கொசு மாதிரி.”

1985-இல் திருவனந்தபுரம் தூர்தர்ஷனில் மலையாள ஒளிபரப்பு தொடங்கியபோது எனக்குப் பதினேழு. தெருவில் நடக்கும்போதே எந்த வீட்டில் டிவி ஓடுகிறது என்று சொல்லிவிடுவேன், சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தாலும். பழைய பெட்டியிலிருந்து ஊசிபோல ஒரு கீச்சொலி வரும். ஒரு படத்துக்கு 625 கோடுகள், நொடிக்கு 25 படங்கள்: 15,625 ஹெர்ட்ஸ். அந்த ஒலி எந்த வருஷம் என்னை விட்டுப் போயிற்று? போன நாள் தெரியாமலே போயிருக்கிறது.

உள்காதில் நத்தை ஓடுபோலச் சுருண்ட குழாய். வாசல் பக்கம் கீச்சொலிகளுக்கு, உள்முனை தாழ்ந்த ஒலிகளுக்கு. வயதாகும்போது வாசல் பக்கத்து மயிர்ச்செல்கள்தான் முதலில் அழிகின்றன. கோழிக்கு அவை மறுபடி முளைக்கும். நமக்கு முளைக்காது.

பாட்டுக்குப் பயமில்லை. ஐந்து கட்டைச் சுருதியில் ஒரு பெண்குரல் மேல்ஸ்தாயி பஞ்சமத்தைத் தொட்டாலும் சுமார் 590 ஹெர்ட்ஸ்தான். குறைவது அதன் மேல் படரும் மினுக்கம்.

பேச்சில்தான் எனக்குக் கவலை. பேத்தி “காசு எங்கே?” என்றாள். “காது” என்று என் காதில் விழுந்தது. ஸகர ஒலியின் பலமெல்லாம் 4000-க்கு மேலே இருக்கிறது. ஆஸ்பத்திரிச் சோதனை பெரும்பாலும் 8000-இல் நின்றுவிடும், ஆனால் பேச்சுக்கு வேண்டியது அதற்குள் அடங்கும். போன் சோதனையை நம்பி உட்காரக் கூடாது. ஆக்குளத்தில் இருக்கும் பேச்சு, செவித்திறன் நிறுவனமான நிஷ்ஷுக்கு வருகிற வாரம் போகிறேன்.

சனிக்கிழமை. பஜனை முடிந்து ஜால்ராவை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒரே ஒரு தட்டு. நாதம் கேட்கும்வரை விரலைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று பேத்தியும் நானும் பேசிக்கொண்டோம். என் விரல் இறங்கிற்று. அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், விரல் உயர்ந்தபடியே.