எங்க வேலி

கிளுவை முள் எங்கம்மா கைக்குப் பழக்கம். முப்பது வருசம் பண்ணாடி தோட்டத்து வேலியை அடைத்த கை. அந்த வேலியில் எங்க ஆடு வாய் வைத்தால் ஆட்டைப் பிடித்துக் கட்டிப்போட்டு அம்மாவை வைவார்கள்.

மூணு சென்ட் பட்டா கிடைத்ததும் நான் சுவர் வைக்கலாம் என்றேன். அம்மா கேட்கவில்லை. கோடையில் இலை உதிர்ந்து நின்ற கிளுவையில் போத்து வெட்டி, மழைக்கு முன்னால் அரை அடிக்கு ஒன்றாக ஊன்றினாள். தண்ணி நின்றால் அழுகிவிடும் என்று மண்ணை மேடாக அணைத்தாள். துளிர்த்து ஓடியதும் நுனியை வெட்டினாள். "மேல ஓட உட்டா அடியில சந்து உழுந்துரும் சாமி."

2019 டிசம்பர் 2, மேட்டுப்பாளையம் நடூர். மழையில் உயரமான சுவர் சரிந்து நம் சனம் 17 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு நான் சுவர்ப் பேச்சே எடுப்பதில்லை. கிளுவை காற்றை விடும், தண்ணியை விடும்.

பக்கத்து வீட்டு ஆடு எங்க வேலியைக் கடிக்கிறது. "தின்னா தழையட்டும்" என்கிறாள் அம்மா.

இந்த வருசமும் வேலி அடைக்கக் கூப்பிட்டுப் பண்ணாடி ஆள் அனுப்பினார். "எங்க வேலியில வேலை கெடக்குது" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.