காற்று சம்மதித்தால் மட்டும்

கைப்பேசி வைத்திருக்கும் எவரும் ஒருமுறையாவது பார்த்திருக்கும் படம் அது. வெளுக்கும் வானம், கீழே கூம்பு கூம்பாக நிற்கும் பாறைகள், மேலே வண்ண வண்ணமாக நூறு பலூன்கள். இடம் துருக்கியின் நடுப்பகுதியில் இருக்கும் கப்படோக்கியா. கடந்த சில ஆண்டுகளில் மலேசியா, சிங்கப்பூரிலிருந்து போகும் குடும்பங்களின் பயணப் பட்டியலில் இஸ்தான்புல்லுக்கு அடுத்த பெயராக இது வந்துவிட்டது.

படத்தில் தெரியாத செய்தி ஒன்று உண்டு. அந்தப் பலூன்கள் எல்லா நாளும் பறப்பதில்லை. பணம் கட்டியிருக்கலாம், விடியற்காலை நான்கரை மணிக்கு எழுந்து குளிரில் நிற்கலாம். பறப்பதா இல்லையா என்பதைக் காற்று சொல்ல வேண்டும்.

நாங்கள் மூவர் சென்ற அக்டோபரில் போனோம்: நான், என் கணவர், 67 வதாகும் என் அம்மா. கோலாலம்பூரிலிருந்து இஸ்தான்புல்லுக்கு ஏறக்குறைய பதினொரு மணி நேரம். அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் கைசேரிக்கு ஒன்றே கால் மணி நேரம். பிறகு வேனில் இன்னும் ஒரு மணி நேரம் போனால் கொரேமே என்ற சிற்றூர். பாறைக்குள் குடைந்த அறைகளைத் தங்கும் விடுதிகளாக மாற்றியிருக்கிறார்கள். மூன்று இரவுகள் அங்கே தங்கினோம்.

எரிமலை தந்த ஊர்

பல பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் எர்ஜியெஸ், ஹசன் முதலிய எரிமலைகள் கக்கிய சாம்பல் இந்த நிலத்தில் கனமாகப் படிந்து, இறுகி, மென்மையான பாறையானது. மேலே சில இடங்களில் கடினப் பாறை மூடியது. மழையும் காற்றும் மென்பாறையை அரிக்க, கடினப் பாறையைத் தொப்பியாகப் போட்ட தூண்கள் மிஞ்சின. உள்ளூர்க்காரர்கள் இவற்றைத் தேவதைப் புகைபோக்கிகள் என்கிறார்கள்.

இரும்புக் கருவியால் சுரண்டினாலே குடையக்கூடிய பாறை என்பதால் மக்கள் இதற்குள் வீடு கட்டினார்கள், தேவாலயம் கட்டினார்கள், புறாக்களுக்குக் கூடும் கட்டினார்கள். புறா எச்சம் திராட்சைத் தோட்டத்துக்கு உரம். 1985-ல் யுனெஸ்கோ இப்பகுதியை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

"நம்ம ஈப்போ குகைக் கோயில் மாதிரியே இருக்கு" என்றார் அம்மா. பார்வைக்கு அப்படித்தான். ஆனால் ஈப்போவின் சுண்ணாம்புக் குகைகளை நீர் கரைத்தது. இங்கே அறைகளைக் கை குடைந்தது. சுவரைத் தடவிப் பார்த்தால் உளித்தடம் விரலில் படுகிறது. பக்கத்திலேயே வட்டாரத்தின் மிக உயரமான பாறைக் கோட்டை நிற்கிறது. அதன் பெயர் உச்ஹிசார். "பேர்லயே உச்சி இருக்கே!" என்று அம்மாவுக்கு ஒரே மகிழ்ச்சி. துருக்கி மொழியிலும் 'உச்' என்றால் முனை என்று வழிகாட்டி சொன்னதும் அவர் என்னைப் பார்த்த பார்வையில் பெருமை வழிந்தது.

ஆசை யாருடையது?

பலூன் ஆசை முதலில் அம்மாவுடையது. 2009-ல் புத்ராஜெயாவில் அனைத்துலகப் பலூன் விழா தொடங்கிய பிறகு ஒருமுறை எங்களைக் கூட்டிக்கொண்டு போனவர் அவர்தான். அங்கே கயிறு கட்டிய பலூனில் சற்று உயரம் போய் இறங்கலாம். வரிசை நீளம் என்று ஏறாமலே திரும்பினோம். அன்றிலிருந்து பலூன் படம் கண்ணில் பட்டால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார்.

இடையில் அவருக்கு வலது முழங்காலில் மாற்று மூட்டு வைத்தார்கள். நடக்கலாம், படி ஏறலாம், குதிக்கக்கூடாது, மண்டியிடக்கூடாது என்பது மருத்துவரின் கட்டளை. பலூன் நிறுவனங்களின் பதிவுப் படிவத்தில் அண்மையில் அறுவைச் சிகிச்சை உண்டா என்ற கேள்வி இருக்கும். கிள்ளானில் எங்கள் சாப்பாட்டு மேசையில் அந்தப் படிவத்தை வைத்துக்கொண்டு மூவரும் உட்கார்ந்தோம்.

பலூன் கூடைக்குப் பெரும்பாலும் கதவு கிடையாது. பக்கச் சுவரில் இருக்கும் துளைகளில் கால் வைத்து ஏறி உள்ளே இறங்க வேண்டும். தரையிறங்கும்போது முழங்காலை மடக்கி, கைப்பிடிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்து நிற்க வேண்டும். சில நாடுகளில் கதவு வைத்த கூடைகள் உண்டு. நாங்கள் விசாரித்த இடத்தில் இல்லை.

அப்படியானால் வேறு ஊருக்குப் போவோம் என்றேன். அம்மா கேட்கவில்லை. "நீ மேல போ. நான் கீழ இருந்து பாக்குறேன். பலூன் மேலதானே போகப்போகுது?" என்றார். "அத்தையோட நான் இருக்கேன்" என்று கணவர் சொல்ல, படிவத்தில் ஒரே பெயர் எழுதினோம்.

மூன்று விடியல்கள்

விடியற்காலையில் ஏன் பறக்கிறார்கள்? சூரியன் ஏறியதும் தரை சூடாகும். சூடான காற்று அங்கங்கே குபுகுபுவென்று மேலே கிளம்பும். பலூனுக்கு அது ஆகாது. விடியும் நேரத்தில் காற்று அமைதியாக இருக்கும். வெளியே குளிர்ந்த காற்று இருக்க, பலூனுக்குள் சூடான காற்று இருந்தால் எளிதில் மேலெழும்பும். சூரிய உதயக் காட்சி அதோடு கிடைக்கும் உபரி.

பறக்க அனுமதி தருவது துருக்கியின் சிவில் விமானப் போக்குவரத்துத் துறை. வானிலையைப் பார்த்துக் கொடி நிறம் அறிவிப்பார்கள். பச்சை என்றால் பறக்கலாம். மஞ்சள் என்றால் காத்திருக்க வேண்டும். சிவப்பு என்றால் அன்று வானம் வெறுமை. எந்த நிறுவனமும் இதை மீற முடியாது.

முதல் நாள் சிவப்பு. விடுதி வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். அன்று அவனோஸ் ஊருக்குப் போனோம். கிசில்இர்மாக், அதாவது 'சிவப்பு ஆறு', கரையில் இருக்கும் அந்த ஊரில் ஆற்றுச் செம்மண்ணால் பானை செய்கிறார்கள். சமதளம் என்பதால் அம்மாவுக்கும் சிரமமில்லை.

இரண்டாம் நாள் மஞ்சள். பறக்கும் மைதானத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். தரையில் இலைகூட அசையவில்லை. ஆனாலும் மேலே காற்று வேகம் என்று ரத்து செய்தார்கள். ஒரு சுற்றுலாக் குழுவினர் ஊழியர்களிடம் குரலை உயர்த்தினார்கள். அன்று மதியமே அவர்களுக்கு விமானமாம். நான் முகம் வாடி விடுதிக்கு வந்தபோது அம்மா சொன்னது ஒன்றுதான்: "வேணாம்னு சொல்றவங்கதான் நல்லவங்க."

அவர் சொன்னது வெறும் ஆறுதல் இல்லை. 2022 அக்டோபரில் இதே கப்படோக்கியாவில் தரையிறங்கும் நேரத்தில் திடீர்க் காற்றில் சிக்கிய பலூனில் ஸ்பெயின் நாட்டுப் பயணிகள் இருவர் உயிரிழந்தார்கள். சிவப்புக் கொடி நம் விடுமுறையைக் கெடுக்கும் கொடி இல்லை.

மூன்றாம் நாள்தான் எங்கள் கடைசி விடியல். பச்சை.

மேலே

இருட்டில் பலூன் துணி தரையில் நீளமாகக் கிடந்தது. முதலில் பெரிய விசிறியால் குளிர்ந்த காற்றை ஊதி நிரப்பினார்கள். பிறகு புரோப்பேன் எரிவாயுவின் நெருப்பு உள்ளே பாய்ந்தது. படுத்துக் கிடந்த துணி எழுந்து நிற்க, சாய்ந்திருந்த கூடையும் நிமிர்ந்தது. கூடையில் அறை அறையாகத் தடுப்புகள். நடுவில் பலூனோட்டி, சுற்றி நாங்கள் இருபது பேர்.

எப்போது கிளம்பினோம் என்றே தெரியவில்லை. விமானம் போல உந்தல் இல்லை. தரையில் நின்ற ஊழியர் கையசைத்தார், அவர் சிறிதாகிக்கொண்டே போனார். மேலே போனால் காற்று முகத்தில் அறையும் என்று தலையில் சால்வை சுற்றியிருந்தேன். காற்றே இல்லை. பலூன் காற்றோடு காற்றாக, அதே வேகத்தில் போவதால் முகத்தில் படுவதற்கு எதுவும் மிச்சமில்லை. நெருப்பு எரியும்போது உச்சந்தலை சுடுகிறது. நெருப்பை நிறுத்தினால், கீழே ஊரில் நாய் குரைப்பது தெளிவாகக் கேட்கிறது.

பலூனைத் திருப்ப ஸ்டீயரிங் இல்லை. பலூனோட்டியின் கையில் இருப்பது இரண்டுதான்: சூடேற்றி மேலே போவது, உச்சியிலிருக்கும் திறப்பு வழியாகச் சூட்டை விட்டுக் கீழே வருவது. ஆனால் ஒவ்வோர் உயரத்திலும் காற்று ஒவ்வொரு திசையில் போகும். எந்தத் திசை வேண்டுமோ அந்த உயரத்தைத் தேடிப் போய் அவர் பலூனை நடத்துகிறார். பள்ளத்தாக்குக்குள் இறக்கி, பாறைச் சுவரில் இருந்த புறாக்கூட்டின் துளைகளை எண்ணும் அளவு பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு ஏற்றினார்.

ஏழு மணிக்குச் சற்று முன் கிழக்கே எர்ஜியெஸ் மலைப் பக்கம் சூரியன் வந்தது. 3,917 மீட்டர் உயர மலை. இந்த ஊரையே சாம்பலால் செய்தவற்றில் ஒன்று. பாறைகள் சாம்பல் நிறத்திலிருந்து இளஞ்சிவப்பாகி, பிறகு மஞ்சளாயின. கூடையில் யாரும் பேசவில்லை.

1783 நவம்பர் 21 அன்று பாரிஸில் பிலாத்ர் தெ ரோசியேயும் தார்லாந்தும் மோங்கோல்ஃபியே சகோதரர்கள் செய்த பலூனில் பறந்தார்கள். கயிறு கட்டாமல் மனிதர் வானில் பறந்த முதல் பயணம் அது. அதற்கு இரண்டு மாதம் முன் வெர்சாயில் ஓர் ஆட்டையும் வாத்தையும் சேவலையும் அனுப்பிப் பார்த்திருந்தார்கள். 240 ஆண்டுகள் கழிந்தும் அடிப்படை மாறவில்லை. துணி, நெருப்பு, காற்று.

இறங்கும்போது "தயாராகுங்கள்" என்றார் பலூனோட்டி. முதுகைத் திருப்பி, முழங்காலை மடக்கி, கயிற்றைப் பிடித்தோம். இழுவை வண்டியின் மேல் கூடையை வைக்கப் பார்த்தார். முதல் முயற்சியில் தரையில் ஒரு தட்டு, ஒரு சாய்வு, மறுபடி ஒரு தட்டு. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அந்த இரண்டு தட்டும் அம்மாவின் முழங்காலில் விழுந்தது போலிருந்தது. கிள்ளானில் எழுதிய ஒற்றைப் பெயர் சரியானது என்று அப்போதுதான் மனம் சமாதானமானது.

கீழே

அம்மாவும் கணவரும் டாக்சியில் கொரேமேவுக்கு மேலேயுள்ள குன்றுக்குப் போயிருந்தார்கள். பசியாறும்போது நான் என் கதையைச் சொல்ல, அம்மா தன் கதையைத் தொடங்கினார்.

"இருட்டா இருந்துச்சு. கீழ பள்ளத்துல ஒண்ணு எரிஞ்சுது. அணைஞ்சுது. அந்தாண்ட இன்னொண்ணு. அப்புறம் பத்து, இருபது. கார்த்திகைக்கு வீதி பூரா வெளக்கு ஏத்துவோம்ல, அப்படி. அப்புறம் அத்தனை வெளக்கும் எந்திரிச்சு மேல வந்துச்சு."

எண்பத்தேழு வரை எண்ணினாராம். பிறகு ஒரு பலூன் அவர்கள் தலைக்கு மேலேயே கடந்துபோக, கணக்கு தவறிவிட்டதாம். பக்கத்தில் நின்ற துருக்கிப் பாட்டி ஒருவர் கண்ணாடிக் குவளையில் தேநீர் கொடுத்திருக்கிறார். அவர்கள் அதைச் 'சாய்' என்கிறார்கள். அம்மாவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

நான் எதையும் மறுக்கவில்லை. தன் பலூன் எப்படி இருக்கிறது என்பது உள்ளே நிற்பவருக்குத் தெரியாது. விளக்குகள் எழுந்து வந்த காட்சி எனக்குக் கிடைக்கவில்லை. நான் ஒரு விளக்குக்குள் இருந்தேன். இருவர் பார்த்ததையும் சேர்த்தால்தான் அந்த விடியல் முழுமையாகிறது.

இரண்டாவது குவளைத் தேநீரின்போது அம்மா மெதுவாகக் கேட்டார்: "மேல சத்தமே இல்லையாம்மா?" நாய் குரைத்தது கேட்டது என்றேன். சற்று நேரம் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒன்றை மட்டும் நான் அவருக்குக் கொண்டுவர முடியவில்லை.

போகிறவர்களுக்கு

குறைந்தது மூன்று இரவுகள் தங்குங்கள். முதல் விடியலுக்கே பதிவு செய்தால், ரத்தானாலும் அடுத்த நாள் கையில் இருக்கும். வானிலையால் ரத்தானால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்குமா என்று பதியும் முன் எழுத்தில் கேளுங்கள். கட்டணம் நாளுக்கு நாள் மாறும். இரண்டு நாள் பறக்காவிட்டால் மூன்றாம் நாள் தேவை கூடி விலை ஏறும்.

குளிருக்கு இரண்டு அடுக்குச் சட்டை, நெருப்புச் சூட்டுக்குத் தொப்பி, ஏறி இறங்கத் தட்டையான காலணி. கர்ப்பிணிகளையும் மிகச் சிறிய பிள்ளைகளையும் ஏற்ற மாட்டார்கள். வயது வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். முதுகு, முழங்கால், இடுப்பில் சிகிச்சை பெற்றவர்கள் படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

உங்கள் குடும்பத்தில் ஏற முடியாத ஒருவர் இருந்தால் அவரை விடுதியில் தூங்க விட்டுப் போகாதீர்கள். கனமான ஒரு சால்வையும் பக்கத்தில் நிற்க ஓர் ஆளும் கொடுத்து, முதல் நெருப்பு எரியும் முன்பே குன்றுக்கு அனுப்பிவையுங்கள்.