வாழ்த்து மடல் எழுதியது பற்றி

1992இல், எஸ்.ஆர். ரங்கநாதனின் நூற்றாண்டை ஒட்டி, எங்கள் பக்கத்து நூலகர் சங்கம் தன் பழைய பொருளாளரைக் கௌரவிக்கத் தீர்மானித்தது. வாழ்த்து மடலை எழுதித் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. எழுதுகிறவன் என்று ஊரில் பெயர் வாங்கிவிட்டால் இதற்கெல்லாம் தப்ப முடியாது. கண்ணாடிச் சட்டத்துக்குள் போவதற்கென்றே ஒரு வகைத் தமிழ் இருக்கிறது. அதில் எல்லோரும் கடமையின் சிகரம், பண்பின் இருப்பிடம். பெயரை மாற்றினால் மடல் யாருக்கும் பொருந்தும். யாருக்கும் பொருந்துவது யாரைப் பற்றியதும் அல்ல என்று அந்தத் தமிழின் மேல் எனக்கு அன்று கடுமையான அலட்சியம் இருந்தது.

இவரையோ எனக்கு நன்றாகவே தெரியும். எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் இருந்தவர். கல்லூரிப் பையனாக நான் போய் நின்றால் ஒன்றும் கேட்கமாட்டார். நான் திருப்பித் தருகிற புத்தகத்தைப் பார்ப்பார். அடுத்த முறை போகும்போது மேஜை இழுப்பறையிலிருந்து ஒன்றை எடுத்து வைப்பார். வேண்டாமென்றாலும் வருத்தப்படமாட்டார். நான் படித்த உருப்படியான புத்தகங்களில் பாதி அந்த இழுப்பறையிலிருந்து வந்தவை.

இதை எழுதலாமா என்று சங்கத்துச் செயலாளரிடம் கேட்டேன். "அது அவர் வேலை சார், அதுக்குச் சம்பளம் வாங்கினாரு. சங்கத்துக்கு என்ன செஞ்சார்னு எழுதுங்க" என்றார். நியாயமான பதில்தான். கூடவே ஒரு தாளும் தந்தார். பொருளாளராக இருந்த வருஷங்கள், கலந்துகொண்ட மாநாடுகள், அனுப்பிய மனுக்கள். இதை வைத்து ஒரு மனிதனை எழுத முடியாது என்று தோன்றியதால் அவர் வீட்டுக்கே போனேன்.

கேட்டதற்கு அவர் பேசவில்லை. பரண் மேலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கி வைத்தார். உள்ளே முழுக்க சந்தா ரசீதுகளின் அடிக்கட்டைகள். வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை என்பதால் அன்று சைக்கிளில் கிராமம் கிராமமாகப் போய் வசூலித்தது என்றார். புரட்டிக்கொண்டே வந்தேன். பகுதி நேர நூலகர்களின் பெயரில் இருந்த ரசீதுகள் மட்டும் ஒரே நாளில், ஒரே மையில், வரிசையாக எழுதப்பட்டிருந்தன. வருஷா வருஷம் அப்படித்தான். தேதியைப் பார்த்தால் வெள்ளிக்கிழமையும் இல்லை. மாதத்தின் முதல் தேதி. அவருடைய சம்பள நாள்.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்க வாங்கறதே கொஞ்சம். பட்டியல்ல பேர் இருந்தாத்தானே சம்பள மனுவில சேத்துக்க முடியும்?" என்றார். பிறகு, "இதை எழுதிடாதீங்க தம்பி. அவங்கள்லாம் முன்வரிசையில உக்காந்திருப்பாங்க."

அன்றிரவு மடலை எழுத உட்கார்ந்தவனுக்கு, வந்த காரியமே அபத்தமாகப் பட்டது. அவர் சங்கத்துக்குச் செய்ததில் சிறந்தது எதுவோ, அதைச் சொன்னால் அதுவே கெட்டுவிடும். சொல்லாவிட்டால் மடல் பொய்.

இது அவர் ஒருவருடைய சங்கடம் மட்டும் அல்ல என்று இப்போது நினைக்கிறேன். அந்தத் தொழிலின் சுபாவமே அப்படி. 1928இல் தொடங்கிய சென்னை நூலகச் சங்கத்தின் செயலாளர் ரங்கநாதன். அவருடைய ஐந்து விதிகளை அச்சங்கம்தான் 1931இல் புத்தகமாக வெளியிட்டது. நான்காவது விதி, வாசகனின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. மிச்சப்பட்ட நேரத்துக்கு யார் சாட்சி? தேடி அலைந்தது நினைவில் நிற்கும். அலையாமல் கிடைத்தது நிற்காது. நல்ல நூலகன் தன் வேலையின் தடயத்தையே அழித்துக்கொண்டு வேலை செய்கிறவன்.

1930இல் ரங்கநாதன் நூலகச் சட்டத்துக்கு ஒரு மாதிரி வரைவு எழுதினார். சென்னை மாகாணத்தில் சட்டம் நிறைவேறியது 1948இல். அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது. இன்றும் நம் வீட்டு வரியோடு நூலக வரி வசூலாவது அந்தச் சட்டத்தால்தான். இடையில் பதினெட்டு வருஷம். இரண்டு வருஷங்களும் இரண்டு பெயர்களும் சரித்திரத்தில் இருக்கின்றன. நடுவே ஒரு சங்கம் சங்கமாக நீடிக்க வேண்டுமானால் யாராவது சுற்றறிக்கைக்கு முகவரி எழுதியிருக்க வேண்டும், தபால்தலை ஒட்டியிருக்க வேண்டும், சந்தா கேட்டு நடந்திருக்க வேண்டும். ரங்கநாதன் பெயரில் அரசு இன்று நல்நூலகர்களுக்கு விருது தருகிறது. தரட்டும். விருதுக்குப் பட்டியல் வேண்டும்; பட்டியலுக்கு வெளியே தெரிகிற காரியங்கள் வேண்டும். அதற்கு மேல் விருதினால் முடியாது.

கடைசியில் நான் எழுதியது கடமையின் சிகரம், பண்பின் இருப்பிடம்தான். ஒரு சொல்கூட என்னுடையது அல்ல. ஆனால் அலட்சியத்தோடு எழுதவில்லை. யாருக்கும் பொருந்துகிற அந்தத் தமிழ் ஒருவரையும் காட்டிக்கொடுக்காது என்பது அன்றுதான் புரிந்தது.

விழாவில் செயலாளர் மடலை உரக்க வாசித்தார். முன்வரிசையில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் வயதான ஒருவர் மேடையேறிப் பொன்னாடை போர்த்தினார். அவருக்குத் தெரியுமோ தெரியாதோ. போர்த்தியபின் கையைச் சட்டென்று எடுக்கவில்லை. இறங்கி வரும்போது என்னிடம், "நல்லா எழுதியிருக்கீங்க தம்பி" என்றார் பொருளாளர். என் எழுத்தைப் பற்றி அவர் சொன்ன ஒரே அபிப்பிராயம் அது.