கல்மலையும் நாணல் ஏடும்

மறைக்கல்வி வகுப்பில் பல்லாண்டுகளாக நாம் சிறுவர்க்குச் சொல்லி வந்த கதை ஒன்றுண்டு. பார்வோனின் சாட்டையடிக்கு அஞ்சி, இஸ்ரயேல் மக்கள் கண்ணீரோடு கட்டியவையே எகிப்தின் பிரமிடுகள் என்பதே அது. சொல்லும்போது நம் குரல் தழுதழுக்கும். பிள்ளைகளும் கண்கலங்கிக் கேட்பர். புனித நாட்டுத் திருப்பயணத்தின்போது, கெய்ரோவை அடுத்த கீசாவில் நாம் கழித்த ஒரு முற்பகல் அக்கதையை அசைத்துவிட்டது.

குஃபு மன்னனின் பெரிய பிரமிடின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தோம். திருக்குடும்பம் எகிப்தில் அடைக்கலம் புகுந்த நாளிலேயே அதற்கு வயது 2,500 ஆகியிருந்தது! தொடக்கத்தில் 146 மீட்டருக்கு மேலிருந்த உயரம், உச்சிக் கற்களையும் மேற்போர்வையான வெண்சுண்ணக் கற்களையும் இழந்தபின் சுமார் 138 மீட்டராகக் குறைந்துள்ளது. அடிப்பக்கம் ஒவ்வொன்றும் 230 மீட்டர் நீளம். சராசரி இரண்டரை டன் எடையுள்ள ஏறத்தாழ 23 லட்சம் கற்கள்! காந்தமுள் அறியாத அக்காலத்தில், நான்கு பக்கங்களையும் நான்கு திசைகளுக்கு நேராக நிறுத்தினர். ஒரு பாகையில் பதினைந்தில் ஒரு பங்களவே பிசகு.

முதுகு வளைத்து, மூச்சிரைக்க, குறுகிய சரிவுவழியில் ஏறி மன்னனின் அறையை அடைந்தோம். சுவரும் கூரையும் கருங்கல். சுமார் 800 கிலோமீட்டர் தெற்கேயுள்ள அஸ்வானிலிருந்து நைல் நதி வழியே வந்தவை. மேலுள்ள பாரம் கூரையை நொறுக்காதிருக்க, அதன்மேல் ஐந்து வெற்றறைகளை அடுக்கிய அறிவை என்னென்பது! நடுவே மூடியற்ற கற்பேழை வெறுமையாய்க் கிடந்தது.

வெளியே வந்ததும், "இதைக் கட்டுகையில் எத்தனை அடிமைகள் மாண்டனரோ?" என்றார் நம் குழுவினர் ஒருவர். வழிகாட்டி புன்னகைத்து, தெற்கே ஒரு மேட்டைச் சுட்டினார். 1990-ஆம் ஆண்டு அங்கே பிரமிடுத் தொழிலாளரின் கல்லறைகள் வெளிப்பட்டனவாம். முறிந்த எலும்புகள் பொருத்தப்பட்டு ஆறிய எலும்புக்கூடுகளும் அங்கிருந்தன. அருகே அவர்கள் குடியிருப்பில் ரொட்டி சுட்ட கூடங்களும் மாட்டெலும்புகளும் கிடைத்தன. அரசாணைக்குக் கட்டுப்பட்டு முறைவைத்து உழைத்த எகிப்தியரே அவர்கள். விலைக்கு வாங்கிய அடிமைகளல்லர்.

ஊர் திரும்பியதும் விடுதலைப் பயண நூலை மீண்டும் விரித்தோம். பித்தோம், இராம்சேசு என்னும் களஞ்சிய நகர்களே அங்குள்ளன. சாந்தும் செங்கல்லுமே அங்குள்ளன. பிரமிடு என்ற சொல்லே இல்லை! மறைநூல் சொல்லாததை நாமே சேர்த்துச் சொல்லியிருந்தோம்.

மேலும் தேடியபோது மேரர் என்பவரை அறிந்தோம். 2013-ஆம் ஆண்டு செங்கடற்கரையில் வாடி அல்-ஜார்ஃப் என்னுமிடத்தில், பியேர் தாலே என்ற பிரெஞ்சு அறிஞர் குழுவினர் நாணல் ஏடுகளைக் கண்டெடுத்தனர். குஃபுவின் காலத்தில், சுமார் 40 பேருக்குத் தலைவராயிருந்த மேரரின் நாட்குறிப்பு அது. தூரா மலையில் சுண்ணக்கல் ஏற்றியது, வழியில் ஓரிரவு தங்கியது, கீசாவில் இறக்கியது என நாள்தோறும் எழுதியுள்ளார். ஆடம்பரச் சொல் ஒன்றுமில்லை. நம் கணக்கப்பிள்ளையின் குறிப்பேடு போன்றதே!

புதிர்கள் தீர்ந்தபாடில்லை. கற்களை உச்சிவரை ஏற்றிய சாய்தளத்தின் வடிவம் குறித்து அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். விண்ணிலிருந்து பொழியும் மியூவான் துகள்களைக் கொண்டு 2017-இல் உள்ளே 30 மீட்டர் நீள வெற்றிடம் ஒன்றைக் கண்டனர். அதன் நோக்கம் விளங்கவில்லை.

அடுத்த ஞாயிறு பிள்ளைகள்முன் நின்று, "நாம் இதுவரை சொன்னது தவறு" என்றோம். நா சற்றே தடுமாறியது. ஒரு சிறுமி எழுந்து, "அப்படியானால் பார்வோன் நல்லவரா, ஐயா?" என்றாள்.

உடனே விடை வரவில்லை. ஒருவனுடைய கல்லறைக்காக ஆயிரமாயிரம் பேரின் உழைப்பை வாங்கியவனை நல்லவனென்று எப்படிச் சொல்வது? பின் இவ்வாறு சொன்னோம்: "அம்மா, இம்மாபெரும் கல்மலையை எழுப்பிய குஃபுவின் முழு உருவமாக ஐயமின்றி நமக்குக் கிடைத்திருப்பது ஏழரைச் சென்டிமீட்டர்த் தந்தச் சிலை ஒன்றே. கல் சுமந்த மேரரோ, தம் கையெழுத்தாலேயே நம்மோடு பேசுகிறார். யார் பெரியவர் என்று நீயே எண்ணிப் பார்."

அவள் நெடுநேரம் எண்ணியவாறு அமர்ந்திருந்தாள். நாமும் இன்னும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறோம்.