எல்லை கடந்த இசை

இசைக்கு எல்லை இல்லை என்று வகுப்பறையில் பலமுறை கூறியிருக்கிறோம். அதன் பொருளை நாமே உணர்ந்தது, ஓசூரிலிருந்து மாநில எல்லையைக் கடந்து பெங்களூரு சென்றுவந்த ஒரு மாலைப் பொழுதில்தான்.

சிப்காட் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றும் நம் தமக்கை மகன், "மாமு, மேல்நாட்டுப் பழைய இசை, ஒருமுறை கேட்டுப் பாருங்கள்" என்று வற்புறுத்தி அழைத்தான். இசை கேட்பது பற்றி நம் பெரியோரிடையே கருத்து வேறுபாடு உண்டு. நமக்கும் தயக்கம் இருந்தது. மஃரிபுத் தொழுகையை முடித்துக்கொண்டு, 1808இல் தொடங்கப்பெற்ற புனித மாற்கு பேராலயத்தின் பின்வரிசையில் சென்று அமர்ந்தோம்.

ஐரோப்பாவில் ஏறத்தாழ 1600 முதல் 1750 வரை தழைத்த இசையைப் பரோக் இசை என்பர். அன்று வாசித்தவர் நால்வரே. இரண்டு வயலின், ஒரு செல்லோ, ஒரு ஹார்ப்சிகார்டு. ஒலிபெருக்கி இல்லை, உயர்ந்த கூரையே ஒலியை ஏந்தித் தந்தது. ஹார்ப்சிகார்டு பார்வைக்குப் பியானோ போன்றது. பியானோவில் சுத்தியல் தந்தியை அடிக்கும். இதிலோ, வீணையை மீட்டுவது போல, சிறு முள் தந்தியைச் சுண்டுகிறது. இக்கருவிக்கென இசையமைத்தவர் கீழ்ச்சுரத்தையும் சில எண்களையும் மட்டுமே எழுதிவைப்பாராம். ஏனையவற்றை வாசிப்பவரே இலக்கணம் வழுவாமல் நிரப்ப வேண்டும். நம் வித்துவான்களின் மனோதர்மம் நினைவுக்கு வந்தது.

முதலில் வாசிக்கப்பெற்றது இத்தாலியரான கொரெல்லியின் (1653–1713) ஆக்கம். ஆண்டுகளைக் கண்டதும் உள்ளம் உமறுப் புலவரிடம் (1642–1703) சென்றது. இருவரும் ஒரே காலத்தவர்! உரோமில் அவர் வயலினுக்கு இசை எழுதிய காலத்தில், இங்கே உமறு 5,027 விருத்தங்களால் சீறாப்புராணம் யாத்தார். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்னும் அரபுச் சொற்கள் அங்கே தமிழ்க் காப்பியத்தின் காண்டப் பெயர்களாய் அமைந்தன.

அப்போது ஒரு பழைய வடு நெஞ்சில் நெருடியது. நம் இல்லத்து மொழி உருது. முன்பொருநாள் இலக்கியக் கூட்டமொன்றில் ஒருவர், "வீட்டில் உருது பேசும் உங்களுக்குத் தமிழ் எப்படி ஐயா ஒட்டும்?" என்றார். அவை சிரித்தது. நாம் விடை கூறாமல் இருந்துவிட்டோம்.

அந்த விடை அன்று நம் கண்முன் நின்றது. பேராலயத்தில் வயலின் கலைஞர் இருவரும் நின்றுகொண்டு, கருவியைத் தோளில் ஏந்தி வாசித்தனர். நம் வித்துவானோ தரையில் அமர்ந்து, அதன் தலையைப் பாதத்தில் ஊன்றி வாசிக்கிறார். முத்துசுவாமி தீட்சிதரின் இளவலாகிய பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) ஐரோப்பியரிடம் பயின்று, வயலினைக் கருநாடக இசைக்கு உரியதாக்கினார். வந்த கருவி நம் மண்ணில் அமரக் கற்றுக்கொண்டது. இன்று வயலின் இல்லாத கச்சேரி அரிது. அதை அயற்கருவி என்பார் எவரும் இலர்.

அந்தப் பாலுசுவாமி தீட்சிதர் வித்துவானாய் விளங்கியது எட்டயபுரம் அரசவையில். அவருக்கு முன்னரே உமறு புலவராய் வீற்றிருந்ததும் எட்டயபுரத்திலேதான். அயல்நரம்பையும் அரபுச் சொல்லையும் தன்னதாக்கிக்கொண்ட ஊர் அது.

மாணவச் செல்வங்களே! தமிழும், தெலுங்கும், கன்னடமும், உருதும் கலந்தொலிக்கும் எல்லைப்புறத்தில் வாழ்கிறோம். பிறப்பால் மட்டுமே ஒன்று நமதாவதில்லை. அமர்ந்து பயின்றால் அதுவும் நமதாகும். முன்பு கூறாது விட்ட விடையை, உங்கள் முன்னிலையில் இன்று கூறிவிட்டோம். எல்லாப் புகழும் இறைவனுக்கே.