அரிசிப் பையும் ஒரு கல்யாணப் படமும்



ஆடித் திருவிழாவுக்கு உபயம் கேட்டு எழுதியிருப்போம்னு நினைச்சு இதைத் திறந்திருப்பீங்க. அந்தப் பட்டியல் தனியா வரும். இது வேற விஷயம். இனிமே நம்ம மண்டபத்துல கல்யாணத்துக்கு நாள் குறிக்க வர்றவங்க அரசாங்கப் பதிவுச் சான்றிதழ் காட்டணும், இல்லேன்னா பதிவுக்கு மனு போட்ட ரசீதாவது காட்டணும்னு நிர்வாகம் முடிவு செய்ததுல நிறைய பேருக்குக் கோவம். "அம்மன் சன்னிதியில தாலி கட்ட கவர்மெண்டு பேப்பர் எதுக்கு?"ன்னு வாட்ஸ்அப்ல கேட்டிருந்தீங்க. நிர்வாகத்தை நச்சரிச்சு இந்த முடிவை எடுக்க வெச்சது தொண்டூழியர்களான நாங்கதான். ஏன்னு முழுசா சொல்லிடுறோம்.

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு ஆரம்பிச்சப்போ ஆலயக் கதவை அடைச்சோம். அன்னதானமும் நின்னு போச்சு. ஆனா கேட்டுக்கு வெளியே ஆள் வந்து நிக்க ஆரம்பிச்சாங்க. அப்படித்தான் பொருள் பை ஆரம்பிச்சது. 5 கிலோ அரிசி, எண்ணெய், மீஹூன், சார்டின் டின், முட்டை, மைலோ. 2021-ல நாடு முழுக்க வெள்ளைக் கொடி கட்டினப்போ நம்ம பக்கத்து பிளாட்டுலயும் மாடிக்கு மாடி கொடி தொங்குச்சு. கிள்ளான் கஞ்சத்தனமான ஊர் இல்லங்க. லிட்டில் இந்தியா கடைக்காரங்க மூட்டை மூட்டையா இறக்கினாங்க. குருத்துவாராவுல சமைச்சுக் கொடுத்தாங்க. சீன முதலாளி ஒருத்தர் முட்டையை அட்டை அட்டையா அனுப்பினார், பேர் மட்டும் போடாதீங்கன்னு சொல்லி. பசியோட யாரையும் திருப்பி அனுப்பல. அந்தப் பெருமை எங்களுக்கு உண்டு.

ஆனா பசி போனாலும் வறுமை போகல. அதே முகங்கள் மாசா மாசம் வந்தாங்க.

நம்ம ஆளுங்க ஏன் இவ்வளவு பேர் அந்த வரிசையில நிக்கிறாங்கன்னு யோசிச்சுப் பார்த்தோம். எங்கள்ல பாதிப் பேர் தோட்டத்துல பிறந்தவங்க. அங்க கூலி கம்மிதான், ஆனா லயத்து வீடு, தண்ணி, ஆயாக்கொட்டகை, தமிழ்ப்பள்ளி, கோயில் எல்லாம் கூப்பிடு தூரத்துல இருந்துச்சு. எந்தப் பாரமா இருந்தாலும் கிராணி எழுதிக் கொடுத்துடுவார். எண்பதுகள்லயும் தொண்ணூறுகள்லயும் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதியா மாறினப்போ சட்டி பானையைத் தூக்கிக்கிட்டு டவுனுக்கு வந்துட்டோம். கிராணி கூட வரல.

2020-ல அரசாங்கமே வறுமைக் கோட்டை மாத்தி எழுதிச்சு. அதுவரைக்கும் ஒரு குடும்பத்துக்கு மாசம் 980 ரிங்கிட்னு வெச்சிருந்தாங்க, புதுக் கணக்குல 2,208. உடனே 0.4 விழுக்காடுன்னு சொன்ன வறுமை 5.6 விழுக்காடு ஆயிடுச்சு. ஒரே ராத்திரியில யாரும் ஏழையாகல, இருந்தவங்களை எண்ண ஆரம்பிச்சாங்க, அவ்வளவுதான். 2022-ல அந்தக் கோடு 2,589. அந்த வருஷம் மே மாசம்தான் குறைந்தபட்ச சம்பளம் 1,500 ஆச்சு. ஒருத்தர் சம்பளத்துல ஓடுற குடும்பம் ஓவர்டைம் இல்லாம அந்தக் கோட்டை எட்டிப் பிடிக்க முடியாது. சூப்பர்வைசர் வேலையில இருக்கிற எங்களுக்கு இதைத் தனியா யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இப்ப விஷயத்துக்கு வர்றோம். ஒரு தங்கச்சி, பேர் வேணாம், 2020-ல இருந்து மாசம் தவறாம பைக்கு வந்தாங்க. எப்பவும் வரிசையில கடைசியா நிப்பாங்க. போன மாசத்துப் பையை மடிச்சுக் கொண்டு வந்து திருப்பிக் கொடுப்பாங்க. முதல் மாசம் அவங்களையும் மகளையும் படம் பிடிச்சு இதே பக்கத்துல போட்டோம். அதுக்கப்புறம் அந்தப் பிள்ளை தேவார வகுப்புக்கு வர்றதை நிறுத்திடுச்சு. சோம்பேறித்தனம்னு நினைச்சோம். பள்ளிக்கூடத்துல அந்தப் படத்தைக் காட்டிக் கிண்டல் பண்ணியிருக்காங்கன்னு பின்னாடிதான் தெரிஞ்சது. இப்போ முகம் தெரியுற படம் நாங்க போடுறதில்ல. ஏன் போடலைன்னு கேட்ட உபயகாரர்களுக்கும் இதுதான் பதில்.

2022-ல ஒரு சனிக்கிழமை அவங்க, "அண்ணே, மூணு மாச வாடகை பாக்கி"ன்னு மெதுவா சொன்னாங்க. அன்னிக்குத்தான் உட்கார வெச்சு விசாரிச்சோம். வீட்டுக்காரர் 2020-ல மாரடைப்புல தவறிட்டார். என்ன வேலை செஞ்சார்னு கேட்டோம். மேரு பக்கம் ஒரு ஃபேக்டரியில ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினாராம், 14 வருஷம்.

எங்களுக்குப் பேச்சே வரல. 14 வருஷம் சம்பளச் சீட்டுல சொக்சோ பிடிச்சிருப்பாங்க. புதுசா வேலைக்கு வர்ற பிள்ளைங்களுக்கு அந்த வரி என்னன்னு விளக்கிச் சொல்றதே எங்க வேலை. வேலை இடத்துலதான் இறந்திருக்கணும்னு இல்ல. 60 வயசுக்குள்ள தவறி, சந்தாக் கணக்கு சரியா இருந்தா குடும்பத்துக்கு மாசா மாசம் பென்சன் உண்டு. மனைவிக்கு அஞ்சுல மூணு பங்கு, பிள்ளைங்களுக்கு அஞ்சுல ரெண்டு பங்கு. ரெண்டு வருஷமா அரிசி கொடுத்தோம். அவர் என்ன வேலை செஞ்சார்னு ஒரு தடவை கூட கேட்கல.

எங்கள்ல ரெண்டு பேர் லீவு போட்டுட்டு அவங்களோட போனோம். இறப்புப் பத்திரம், ஐசி, பிள்ளைங்க பிறப்புப் பத்திரம் எல்லாம் இருந்துச்சு. கல்யாணச் சான்றிதழ் கேட்டாங்க. தங்கச்சி கைப்பையைத் திறந்து ஒரு படத்தை எடுத்து வெச்சாங்க. 2003-ல பிடிச்ச கல்யாணப் படம். பின்னாடி நம்ம ஆலயத்தோட பழைய வளைவு, பக்கத்துல அப்போ இருந்த குருக்கள் ஐயா, ஓரத்துல நாதஸ்வரக்காரர். கவுண்டர்ல இருந்த மலாய்க்கார அம்மா அதை ரொம்ப நேரம் பார்த்தாங்க. "அழகா இருக்கு அக்கா"ன்னு மலாயில சொன்னாங்க. அப்புறம், "ஆனா இது போதாது"ன்னாங்க. அவங்க மேல குத்தம் சொல்ல எதுவுமே இல்ல.

ஆலயத்துக்குத் திரும்பி வந்து ஸ்டோர் ரூம்ல 2003 ரசீது புத்தகத்தைத் தேடி எடுத்தோம். கரையான் அரிச்சது போக மிச்சம் இருந்துச்சு. மண்டப வாடகை, மேளம், தாம்பூலப் பைன்னு எல்லாத்துக்கும் கணக்கு இருக்கு. "பதிவு செஞ்சாச்சா?"ன்னு கேட்டதுக்கு மட்டும் ஒரு அடையாளமும் இல்ல. திருமணச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1-லயே நடப்புக்கு வந்துடுச்சு. அன்னியிலேர்ந்து தாலி கட்டினா மட்டும் சட்டப்படி கல்யாணம் ஆகாது, பதிவு செய்யணும். அதுக்கு 21 வருஷம் கழிச்சு நம்ம மண்டபத்துல வாடகை வாங்கிக்கிட்டு, அட்சதை போட்டு, சாப்பாடும் போட்டு அனுப்பிட்டோம். அந்த ஒரு புத்தகத்துலயே பக்கம் பக்கமா கல்யாணம் இருக்கு. அதுல எத்தனை ஜோடி பதிவு செஞ்சாங்கன்னு யாருக்கும் தெரியாது.

பிள்ளைங்க பத்திரத்துல அப்பா பேர் இருந்ததால அவங்க பங்கு எட்டு மாசம் கழிச்சு வந்துச்சு. வாடகை பாக்கி அதுலதான் அடைஞ்சது. தங்கச்சியோட பங்கு இன்னும் இழுத்துக்கிட்டு இருக்கு. 17 வருஷம் குடும்பம் நடத்தினதை இப்போ ஒரு வக்கீலை வெச்சு நிரூபிச்சுக்கிட்டு இருக்கோம்.

அந்தப் புத்தகத்துல இருந்தவங்களைத் தேடிப் போனோம். சில பேர் கும்பிட்டு வரவேற்றாங்க. ஒரு பெரியவர், "என் கல்யாணத்தைக் கள்ளக் கல்யாணம்னு சொல்ல வந்தீங்களா?"ன்னு கதவைச் சாத்திட்டார். அவர் கோவம் நியாயம்தான். அம்மன் முன்னால நடந்ததை யாரும் இல்லைன்னு சொல்லல. ஆனா அம்மன் சாட்சி கவுண்டர்ல செல்லாது ஐயா. ரெண்டு மாசம் கழிச்சு அவங்க வீட்டம்மா தனியா வந்து பாரம் வாங்கிட்டுப் போனாங்க. 21 நாள் நோட்டீஸ் முடிஞ்சு ரெண்டு பேரும் பதிவும் செஞ்சிட்டாங்க. பெரியவர் இன்னும் எங்களோட பேசறதில்ல, பிரசாதம் மட்டும் வாங்கிக்குவார்.

கிள்ளான் 2024-ல அரச மாநகர் ஆயிடுச்சு. பைக்கு வர்ற வரிசை கொஞ்சம்தான் குறைஞ்சிருக்கு. பையை நாங்க நிறுத்தப் போறதில்ல, அரிசிக்கு உபயம் இன்னும் தேவை. ஆனா பை கொடுக்கிற இடத்துக்குப் பக்கத்துல இப்போ ஒரு மேசை போட்டிருக்கோம். வீட்டுல யார் வேலை செஞ்சாங்க, எங்க, எத்தனை வருஷம், ஈ.பி.எஃப்.ல வாரிசு பேர் போட்டாச்சா, பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இருக்கா, எஸ்.டி.ஆர். மனு போட்டாச்சா, இ-காசேல பேர் இருக்கா, எல்லாத்தையும் கேட்போம். துருவிக் கேட்கிறோம்னு கோவிச்சுக்காதீங்க.

சனிக்கிழமை காலை பூஜை முடிஞ்சதும் மதியம் வரைக்கும் மேசை இருக்கும். ஐசியும் கையில இருக்கிற எல்லாப் பத்திரமும் கொண்டு வாங்க, பழசு, கிழிஞ்சதுன்னு பார்க்காதீங்க. பாரம் நாங்களே எழுதித் தர்றோம். மலாய் நல்லா எழுதத் தெரிஞ்ச இளைஞர்கள் ரெண்டு பேர் வந்தா ரொம்ப உதவியா இருக்கும். பேனாவும் கொண்டு வாங்க, ஆலயத்துப் பேனா ஒண்ணு கூட மேசையில தங்க மாட்டேங்குது.